நண்டு போட்ட கும்பிடு

ஒரு காட்டில், அதாவது பாதி நாள் காடாகவும் மீதி நாள் கடலாகவும் இருக்கிற ஓர் அலையாத்திக் காட்டில், செங்கமலம் என்று ஒரு நீர்நாய் இருந்தாள். நீர்நாய் என்றால் மீன் பிடிக்க வேண்டும், தின்ன வேண்டும், வெயிலில் புரள வேண்டும். செங்கமலத்தின் அண்ணன்கள் அதைத்தான் செய்தார்கள். அவள் மட்டும் கண்ணுக்கே தெரியாத உயிர்களை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "திங்கவும் முடியாது, யாருக்கும் குடுக்கவும் முடியாது, அதைப் பாத்து என்னடி பண்ணப்போற?" என்று அவள் அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் மகளுக்கு நல்ல புத்தி வரட்டும் என்று வேண்டிக்கொண்டு விட்டுவிட்டாள்.

கதைக்குள் போகுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது விலங்குகள் பேசுகிற கதை. யானை பேசும், நண்டு பேசும், எருமைகூட நன்றாக யோசித்துவிட்டுப் பேசும். பேசாமல் இருப்பவை கடல் நுண்ணுயிர்கள் மட்டும்தான். அவை வாயைத் திறந்து "பசிக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செங்கமலத்துக்கு எந்தக் கருவியும் தேவைப்பட்டிருக்காது. இன்னொன்று, இந்தக் கதையில் நரி கிடையாது. விடுப்பில் போயிருக்கிறது. அதன் வேலையை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

செங்கமலத்தின் கேள்வி சின்னது. இவ்வளவு பெரிய கடலில் ஒரு பாசித் துணுக்கு செத்து மிதக்கிறது. கண் கிடையாது, மூக்கு கிடையாது, மூளை என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது, அப்படிப்பட்ட ஒரு நுண்ணுயிர் அந்தத் துணுக்கிடம் நேராகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எப்படி? கண்ணும் மூக்கும் உள்ள அண்ணன்கள் எதிரில் வைத்த மீனைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடுவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அதனால் இந்தக் கேள்வி அவளை விடவே இல்லை.

முதலில் ஒரு வாளித் தண்ணீரில் பார்த்தாள். வாளியில் எதைப் போட்டாலும் எல்லாம் கலந்து ஒரே கலங்கலாகிவிடுகிறது. யார் எங்கே போனார்கள், எதற்குப் போனார்கள் என்று சொல்ல முடியவில்லை. அப்புறம்தான் அவள் சில்லு செய்யக் கற்றுக்கொண்டாள்.

சில்லு என்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் பளிங்கு மாதிரித் தெளிவான ஒரு ரப்பர் பாளம். பாளத்தின் அடிப்பக்கம் மயிரிழை அகலத்தில் வாய்க்கால்கள் ஓடும். மரம் குடைகிற வண்டைப் பிடித்து ஒரு பலகையில் கோடுகளைச் செதுக்கச் சொல்லி, அதன்மேல் ரப்பர் பாலை ஊற்றி, வெயிலில் வேகவைத்து, தோசையைப் பிய்க்காமல் எடுப்பது மாதிரி பதமாக உரித்துக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். இதைப் பார்க்க நுண்ணோக்கியும், தண்ணீரை உள்ளே தள்ள ஊசிக்குழலும் காட்டில் எங்கிருந்து வந்தன என்று கேட்கிறவர்கள், யானை தமிழ் பேசுவதை இன்னும் சற்று நேரத்தில் மறுபேச்சில்லாமல் நம்பப் போகிறார்கள். இதையும் நம்பிவிடலாம்.

மயிரிழை வாய்க்காலுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அதில் இரண்டு தண்ணீரை ஒன்றாக விட்டால் அவ்வளவு எளிதில் கலக்காது. பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் வருவதைப் போல ஒட்டியபடியே ஓடும். இடப்பக்கம் செத்த பாசியை ஊறவைத்து எடுத்த கஷாயம், வலப்பக்கம் வெறும் கடல்நீர், நடுவில் நுண்ணுயிர்கள். யார் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று பார்த்தால் போதும், அவர்கள் மனசு தெரிந்துவிடும்.

இரண்டு தண்ணீரும் ஒரே வேகத்தில் போக வேண்டும். அதற்காகச் செங்கமலம் கூட்டு சேர்த்துக்கொண்டவன் வைரக்கண்ணு என்கிற நண்டு. அவன் ஒரு கொடுக்கில் ஓர் ஊசிக்குழல், மறு கொடுக்கில் இன்னோர் ஊசிக்குழல் என்று பிடித்துக்கொண்டு, மூச்சு விடுவதுகூடத் தெரியாமல் மெல்ல மெல்ல அழுத்துவான். மற்ற நேரத்தில் அவன் ஒரு சிடுமூஞ்சி. "இதெல்லாம் ஒப்பேறுமா தங்கச்சி?" என்று கேட்காமல் ஒருநாளும் வேலையைத் தொடங்கியதில்லை.

இந்தத் தொழிலில் ஒரே எதிரி குமிழி. குழாயில் ஒரு கடுகளவு காற்று புகுந்தால் போதும், வாய்க்கால் அடைத்துக்கொள்ளும், ஓட்டம் தாறுமாறாகும், அன்றைய பொழப்பு அத்தோடு முடிந்தது. அதனால் செங்கமலம் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைப்பாள். குழாயை நகத்தால் சுண்டுவாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள், திரும்பச் சுண்டுவாள். பாதி ஆராய்ச்சி, குமிழி விரட்டுவதில்தான் போனது.

ஒரு நாள் எல்லாம் கூடி வந்தது. வாய்க்கால் நடுவில் வந்த நுண்ணுயிர்கள் இடப்பக்கமாகச் சாய்ந்தன. ஒன்று, பத்து, அப்புறம் கூட்டமாக. கஷாயத்தின் ஓரத்தில் போய், பந்தியில் இடம் பிடித்தவர்களைப் போல் நின்றுகொண்டன. கண்ணும் மூக்கும் இல்லாமல் வாசம் பிடித்துவிட்டன. செங்கமலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நுண்ணோக்கியை விட்டு எழுந்து குளத்தை ஒரு சுற்று நீந்திவிட்டு வந்து திரும்பவும் பார்த்தாள்.

"பாத்தீங்களா அண்ணே, போயிடுச்சு."

"போயிடுச்சுதான். நாளைக்கும் போவணுமே" என்றான் வைரக்கண்ணு.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அவள் குளம் ஒரு சின்ன உப்பங்குளம். அலை வந்து போனாலும் தெளிவு கெடாத தண்ணீர். அந்தக் குளத்தைக் கேட்டுக் கோட்டைச்சாமி என்கிற எருமை காட்டு நிர்வாகத்தில் மனுப் போட்டிருந்தான். காரணம் என்ற இடத்தில் "படுக்க" என்று எழுதியிருந்தான். அவ்வளவு தெளிவான காரணம் எழுதிய மனுவை நிர்வாகம் அதுவரை பார்த்ததே இல்லை. உடனே செங்கமலத்துக்கு ஓலை வந்தது: குளத்தில் நீங்கள் செய்துவரும் வேலையின் பயனைக் குழுவின் முன் நேரில் காட்டவும். தவறினால் குளம் எருமையாருக்கு வழங்கப்படும்.

கோட்டைச்சாமி கெட்டவன் இல்லை. ஆனால் அவன் ஒருமுறை படுத்து எழுந்தால் அந்தக் குளம் சேறு. அப்புறம் தெளிந்த தண்ணீர் கிடையாது, நுண்ணுயிர்களைத் தேடிப் போக வேறு இடமும் கிடையாது. செங்கமலம் அண்ணன்களோடு போய் மீன் துரத்த வேண்டியதுதான். அதை நினைத்தபோதே அவளுக்கு அழுகை வந்தது. மீன்மேல் அவளுக்குக் கோபம் ஒன்றுமில்லை. பதில் தெரிய வருகிற நேரத்தில் எழுந்து போவதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

குழு வருகிற நாளும் வந்தது. பெரியவர்கள் கண்ணுக்கு நுண்ணோக்கி ஒத்துவராது என்று, வாய்க்காலில் நடப்பது பெரிதாகத் தெரிய ஒரு வெள்ளைத்துணியில் படம் விழும்படி செய்திருந்தாள். கூட்டம் எடுப்பாகத் தெரியட்டும் என்று வழக்கத்தைவிட நிறைய நுண்ணுயிர்களை உள்ளே விட்டிருந்தாள். வைரக்கண்ணு இரண்டு கொடுக்கிலும் ஊசிக்குழலைப் பிடித்து அழுத்தத் தொடங்கியிருந்தான். ஒரு குமிழி இல்லை. தண்ணீர் எண்ணெய் போல் ஓடியது.

குழுவின் தலைவர் மங்கையர்க்கரசி என்கிற யானை. காட்டில் எந்தப் பாலமானாலும் முதலில் ஏறிப் பார்த்துத் திறந்துவைப்பவர் அவர்தான். சில பாலங்கள் திறந்த கையோடு மூடவும்பட்டிருக்கின்றன. துறை வல்லுநர் சபாபதி என்கிற ஆந்தை. பகலில் அவருக்குக் கண் தெரியாது. ஆனால் கூட்டம் எல்லாம் பகலில்தான் நடக்கும் என்பதால் அவர் எதையும் பார்க்காமலே கருத்துச் சொல்லப் பழகியிருந்தார். பின்னால் கோட்டைச்சாமி, இன்றைக்கே படுத்துவிடலாம் என்ற நம்பிக்கையில், குளித்துவிட்டு வந்திருந்தான்.

யானையம்மா உள்ளே நுழைந்தார். தலைவர் வந்தால் எழுந்து நின்று கும்பிடுவது அந்தக் காட்டு வழக்கம். கும்பிடாமல் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் கும்பிடாமல் யாரும் இருந்ததில்லை. ஒரு கையால் கும்பிடுவது அதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு. வைரக்கண்ணு பரம்பரையாக மரியாதை தெரிந்த குடும்பம். தலைவரைக் கண்டதும் இரண்டு ஊசிக்குழலையும் விட்டுவிட்டு, இரண்டு கொடுக்கையும் தலைக்குமேல் சேர்த்து, "வணக்கம்மா" என்றான்.

அழுத்தம் போனதும் ரப்பர் குழாய் பின்வாங்கியது. பின்வாங்கியபோது இணைப்பின் வழியாக ஒரு வாய் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. வெள்ளைத்துணியில், வாய்க்காலின் நடுவில், முழுநிலா மாதிரி ஒரு குமிழி வந்து உட்கார்ந்தது.

நுண்ணுயிர்கள் இடப்பக்கம் போகவில்லை. கஷாயம் பக்கத்திலேயே இருந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாமாகச் சேர்ந்து குமிழியை நோக்கிப் போயின. சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றை முட்டின. காரணம் செங்கமலத்துக்கு உடனே புரிந்தது. கூட்டத்தை அதிகமாக விட்டது அவள்தான். உள்ளே காற்று போதவில்லை. மூச்சு முட்டியவன் சாப்பாட்டையா பார்ப்பான்?

மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"மன்னிக்கணும்மா. இது தப்பாயிடுச்சு. அது வெறும் குமிழி. உள்ள இருக்கக் கூடாதது."

யானையம்மா துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். துதிக்கை தன்னால் சுருண்டது.

"அந்த உருண்டைக்குள்ள என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்லைம்மா. காத்துதான்."

"ஒண்ணுமில்லாத உருண்டை. பளபளன்னு நடுவுல நிக்குது. பக்கத்துல சாப்பாடு இருக்கு, அதை ஒருத்தரும் பாக்கல. எல்லாரும் இதைச் சுத்தி நெருக்கிக்கிட்டு நிக்கிறாங்க." யானையம்மா ஒரு பெருமூச்சு விட்டார். "இருபக்கமும் தள்ளிக்கிட்டு, முன்னாடி வரணும்னு. நான் தினமும் பாக்குறதும்மா இது. சபையில என்னைச் சுத்தி நிக்கிறதைத்தான் நீ படமா காட்டுற."

"இல்லைம்மா, இதுங்க மூச்சுக்குத்தான் போவுது. நான் காட்ட நினைச்சது வேற. அதுங்க வாசம் பிடிக்கிறதை."

"அடக்கமான பொண்ணு" என்றார் சபாபதி, சுவரைப் பார்த்து. "இதைப் பற்றி நான் முன்பே எண்ணியிருந்தேன். எழுதத்தான் நேரம் கிடைக்கவில்லை."

"எத்தனையோ இடம் பாத்துட்டேன்" என்றார் யானையம்மா. "எல்லாரும் தப்பைச் சரின்னு காட்டுவாங்க. நீ ஒருத்திதான் தப்பைத் தப்புன்னு சொன்ன. உன் தப்பே இவ்வளவு நல்லா இருக்குன்னா, இந்தக் குளத்தை எப்படி விடுறது?"

செங்கமலம் இன்னொரு தரம் விளக்கப் பார்த்தாள். வைரக்கண்ணு காலால் அவள் காலை மிதித்தான். அவனுக்குக் கால்கள் நிறைய இருந்ததால் அழுத்தமாகவே மிதித்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

குளம் அவளிடமே இருக்கலாம் என்று தீர்ப்பானது. வாசலில் "குமிழி ஆய்வு மையம்" என்று பலகை மாட்டவும் உத்தரவானது. கோட்டைச்சாமி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கு வருத்தம் வந்தால் மூக்கால் ஊதுவான். காலடியில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் ஊதினான். அதிலிருந்து குடுகுடுவென்று குமிழிகள் கிளம்பின.

"அடடா" என்றார் யானையம்மா. "இவருக்கு இயல்பா வருதே."

அன்றே கோட்டைச்சாமி குமிழி ஆலோசகர் ஆனான். மையத்துக்குப் பின்னாலிருந்த சேற்றுப் பள்ளம் அவன் அலுவலகம். அதில் படுத்துக்கொண்டு அவ்வப்போது ஊதுவது அவன் பணி. அவன் கேட்டது படுக்க ஓர் இடம்தான். இப்போது படுப்பதே வேலையாகவும் ஆகிவிட்டது. அவனைப்போல நிம்மதியாக அலுவலகம் போகிறவன் அந்தக் காட்டில் வேறு யாருமில்லை.

செங்கமலம் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வேலையை நிறுத்தவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்தாள், குழாயைச் சுண்டினாள். நுண்ணுயிர்களை அளவாக விட்டாள். குமிழி விரட்டுவதில் காட்டிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவள்தான் குமிழி ஆய்வு மையத்தின் தலைவி.

கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் வந்தது. நுண்ணுயிர் சும்மா கொஞ்சம் நேராகப் போகிறது, ஒரு குட்டிக்கரணம் போட்டுத் திசையை மாற்றுகிறது, திரும்பவும் போகிறது. முன்னைவிட வாசம் கூடினால் குட்டிக்கரணத்தைத் தள்ளிப்போட்டு அதே வழியில் இன்னும் கொஞ்ச தூரம் போகிறது. குறைந்தால் சீக்கிரமே திரும்பிக்கொள்கிறது. அவ்வளவுதான் அதன் வித்தை. வழி தெரிந்து யாரும் போகவில்லை. போன இடம் முன்னைவிடப் பரவாயில்லையா என்று கேட்டுக் கேட்டே போய்ச் சேருகிறார்கள். இதைக் கண்டுபிடித்த அன்று செங்கமலம் யாரிடமாவது சொல்லித் தீர வேண்டும் என்று துடித்தாள். அம்மாவிடம் சொன்னாள். "அப்போ அதுங்களுக்கு உன்னைவிடப் புத்தி இருக்கு" என்றாள் அம்மா.

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. நிர்வாகத்துக்குச் சொல்லியனுப்பினாள்: பெரிய கண்டுபிடிப்பு, குழு வந்து பார்க்க வேண்டும். குழு வருகிறோம் என்றது. வருவதற்கு முன் அவள் வைரக்கண்ணுவிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

"அண்ணே, இந்தத் தடவை மட்டும் கும்பிடாதீங்க. கொடுக்கை எடுக்கவே எடுக்காதீங்க. நான் வேணா உங்களுக்கும் சேத்துக் கும்பிட்டுடறேன்."

"உனக்காக" என்றான் வைரக்கண்ணு. சொல்லும்போதே அவனுக்கு வியர்த்தது.

யானையம்மா வந்தார். வைரக்கண்ணு கண்ணை மட்டும் நீட்டிப் பார்த்தான். கொடுக்குகள் ஊசிக்குழலைவிட்டு அசையவில்லை. வெள்ளைத்துணியில் வாய்க்கால் துடைத்துவிட்டது போலிருந்தது. நுண்ணுயிர்கள் வந்தன. கரணம் போட்டன, சாய்ந்தன, திரும்பின, ஒவ்வொன்றாகக் கஷாயத்தின் ஓரத்தைத் தொட்டன. செங்கமலம் இவ்வளவு அழகாக அதைப் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

பின்னால் பள்ளத்தில் கோட்டைச்சாமி ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சாப்பாடு இருக்கிற பக்கம் சாப்பிடப் போவுதுங்க" என்றார் யானையம்மா. "இதுல என்னம்மா இருக்கு? நாங்களும் அப்படித்தானே போறோம்?"

"எப்படிப் போவுதுன்னு பாருங்கம்மா. கண்ணே இல்லாம."

"கண் இல்லாமல் போவது பெரிய விஷயமா?" என்றார் சபாபதி. அவர் வரும்போது கதவில் முட்டிக்கொண்டு வந்தவர்.

"குமிழி எங்க?" என்று கேட்டார் யானையம்மா. "பேரு குமிழி ஆய்வு மையம். ஒரு குமிழி இல்லை. போன தடவை இருந்த தரம் இல்லையே செங்கமலம்." அப்புறம் நண்டின் பக்கம் திரும்பினார். "இவரு வேற, நான் வந்து இவ்வளவு நேரமாச்சு, உக்காந்த இடத்தைவிட்டு எந்திரிக்கல. குளத்தைத் திரும்ப யோசிக்கணும்னு நினைக்கிறேன்."

செங்கமலம் துணியைப் பார்த்தாள். நுண்ணுயிர்கள் கஷாயத்தின் ஓரத்தில் நிம்மதியாக நின்றிருந்தன. ஒரு நுண்ணுயிர் மட்டும் தப்பான பக்கம் போய், வாசம் குறைந்ததும் குட்டிக்கரணம் போட்டு, வேறு பக்கம் திரும்பிப் போனது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நண்டிடம் சொன்னாள்.

"அண்ணே, தலைவரம்மாவுக்கு ஒரு கும்பிடு போடுங்க."

இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்த மரியாதையெல்லாம் சேர்ந்து வந்தது. வைரக்கண்ணு ஊசிக்குழல்களை விட்டான். கொடுக்குகளைத் தலைக்குமேல் தூக்கி, இடப்பக்கமாக நகர்ந்து நகர்ந்து மூன்று பேருக்கும் கும்பிட்டான். மூன்றாவது ஆள் பின்னால் பள்ளத்தில் இருந்ததால் அதற்குக் கொஞ்சம் நேரமானது. துணியில் குமிழி வந்தது, போன தடவையைவிடப் பெரிதாக, அகலமாக. வரும்போதே கஷாயத்தின் ஓட்டத்தை மறித்துக்கொண்டு உட்கார்ந்தது. நுண்ணுயிர்கள் ஓட்டத்தோடு அடித்துக்கொண்டு வந்து அதைச் சுற்றி முட்டிமோதின.

"ஆங்" என்றார் யானையம்மா. கண்ணில் நீர் வந்துவிட்டது. "இது ஆராய்ச்சி."

"இதை நான் முன்பே எண்ணியிருந்தேன்" என்றார் சபாபதி.

குளம் செங்கமலத்துக்கே நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் குழு போய்விட்டது. அவள் சில்லைக் கழுவினாள், குழாயைச் சுண்டினாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வைரக்கண்ணு ஊசிக்குழல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"வருத்தமா தங்கச்சி?"

"கொஞ்ச நேரம் இருந்துச்சுண்ணே. இப்ப இல்லை. யாரு எதைத் தேடிப் போறாங்கன்னு தெரிஞ்சுக்கத்தானே இவ்வளவு பாடும்? தெரிஞ்சுபோச்சு." அவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். "மெதுவா அழுத்துங்க. இன்னிக்கு வேற ஒரு பாசி."

அன்றிலிருந்து அந்த மையத்தில் எல்லா நாளும் குமிழி இல்லாத வேலை நடக்கிறது. தலைவர் வருகிற நாளில் மட்டும் நண்டு கும்பிடுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல், ஒட்டியபடியே ஓடிக்கொண்டிருக்கின்றன.

நீதி: எந்த வேலையையும் இரண்டு கையாலும் செய். அதிகாரி வந்துவிட்டால் இரண்டு கையையும் எடுத்துவிட்டுக் கும்பிடு. மீதியைக் குமிழி பார்த்துக்கொள்ளும்.